பிளாஸ்டிக் ஒழிப்பில் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை வந்த புதிதில் கறிக்கடைக்குத் தூக்குவாளியோடு போனவர்கள் ஏராளம். பாத்திரம் கொண்டு வந்தால் விலையில் தள்ளுபடி என்று சில ஹோட்டல்கள் போர்டுகூட வைத்தன. இப்போது பார்சல் வாங்கிப் பாருங்கள்: சட்னி ஒரு கவரில், சாம்பார் ஒரு கவரில், இரண்டையும் சுமக்க இன்னொரு கவர். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிளாஸ்டிக் கெடுதல் என்று தெரியாதவர் இன்று யார்? கடைக்காரருக்குக் கவர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்குபவருக்குச் சும்மாவே கிடைக்கிறது. இந்தக் கணக்கைத் தொடாமல் விடுவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

ரெய்டு என்று வந்தால் முதலில் மாட்டுவது பூ விற்கும் அம்மாவும் தள்ளுவண்டிக்காரரும்தான். அவர்களிடம் அரைக் கட்டு கவர் பிடித்து, அபராதம் போட்டு, புகைப்படம் எடுத்தாகிவிடும். அந்தக் கவரைத் தயாரித்த ஆலையும் மூட்டை மூட்டையாக இறக்கிய மொத்த வியாபாரியும் மறுநாளும் கடை திறப்பார்கள். வங்கதேசம் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. 1988, 1998 வெள்ளங்களில் கால்வாய்களை அடைத்தது பாலித்தீன் பைகள் என்று தெரிந்து, 2002-இல் உலகிலேயே முதல் நாடாக மெல்லிய பைகளைத் தடை செய்தது. ஆனால் தயாரிப்பு நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பை சந்தைக்குத் திரும்பிவிட்டது. 2024-இல் அதே தடையை மறுபடி முதலிலிருந்து அமல்படுத்த வேண்டிய நிலை. கென்யா 2017-இல் பயன்படுத்துபவரோடு தயாரிப்பவரையும் இறக்குமதி செய்பவரையும் சேர்த்துப் பிடித்தது. 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை. அங்கேயும் எல்லை தாண்டிக் கடத்தல் நடக்கிறது. ஆனாலும் பெட்டிக்கடையில் பை சும்மா கிடைக்கும் காலம் போய்விட்டது.

அடுத்தது தடிமன் கணக்கு. இந்திய விதிகளில் பிளாஸ்டிக் கைப்பையின் (கேரி பேக்) குறைந்தபட்சத் தடிமன் 2016-இல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. தடித்த பையைச் சேகரிப்பதும் மறுசுழற்சிக்கு விற்பதும் எளிது என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம். சரி, சந்தையில் நிற்கும் ஆய்வாளர் கண்ணால் பார்த்து 75-ஐயும் 120-ஐயும் பிரித்துச் சொல்ல முடியுமா? கலிபோர்னியாவில் மெல்லிய பையைத் தடுத்து, தடித்த பையை ‘மறுபயன்பாட்டுப் பை’ என்று காசுக்கு விற்க விட்டார்கள். ஜனங்கள் அதையும் ஒரே தடவையில் எறிந்தார்கள். கடைசியில் 2024-இல் இன்னொரு சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள். தடிமன் எதுவானாலும் கைப்பை கூடாது என்ற தமிழ்நாட்டு ஆணை இந்த விஷயத்தில் தெளிவானது.

மாற்றுப் பொருள் என்று நம்பி ஏமாறுவது மூன்றாவது தவறு. டீக்கடைப் பேப்பர் கப்பின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால்தான் டீ ஊறி வெளியே வருவதில்லை. துணிக்கடையில் தரும் மொரமொரப்பான கலர் பை துணி போலத் தெரியும். ஓரத்தில் நூலைப் பிரித்துப் பாருங்கள், நெய்த இழை வராது. அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இரண்டுமே தமிழகத் தடைப் பட்டியலில் இடம்பெற்றவை. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப் மீதான தடையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, பை விஷயத்தை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. ‘மக்கும் பை’ என்று அச்சிட்டவற்றிலும் பல, 55, 60 டிகிரி வெப்பம் நீடிக்கும் தொழிற்கூட உரக்கிடங்கில்தான் மக்கும். வீட்டுக் கொல்லைக் குழியில் போட்டால் அப்படியே கிடக்கும்.

மஞ்சப்பையும் இதற்கு விலக்கல்ல. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியபோது எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரத்தைக் கோயம்பேட்டில் வைத்தது சரியான இடத் தேர்வு. பையை மறந்துவிட்டு வருபவர் நிற்கும் இடம் அதுதான். ஆனால் பருத்தி விளைய நிறையத் தண்ணீர் வேண்டும். டென்மார்க் அரசு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்தாலே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்கிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பையாக வாங்கி, பீரோவில் அடுக்கி வைத்தால் என்ன பயன்? அதிலும் மாப்பிள்ளை, பெண் படம் பெரிதாக அச்சிட்ட பையை எவர் காய்கறி வாங்க எடுத்துப் போவார்? பிரசாரக்காரர்கள் விநியோகித்த பைகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படும்போது நான் கேட்க நினைப்பது இதைத்தான்: அதில் எத்தனை பை சந்தைக்கு வந்தது?

காசு விஷயத்துக்கு வருவோம். அயர்லாந்து 2002-இல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 328 என்றிருந்த பைகள் 21-ஆகக் குறைந்தன. எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியதும் 2007-இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள். வாங்குபவர் அதைத் தனியாகக் கட்ட வேண்டும், பணம் சுற்றுச்சூழல் நிதிக்குப் போகும். நம் சூப்பர் மார்க்கெட்டில் பைக்கு வாங்கும் காசு கடையின் கல்லாவில்தான் விழுகிறது. பை விற்றால் லாபம் என்றால் கடைக்காரர் ஏன் குறைக்கப் போகிறார்?

பிளாஸ்டிக் அல்ல, கண்ணாடி பாட்டில் கதைதான் என்றாலும் நீலகிரியையும் சொல்ல வேண்டும். உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதில், 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. எத்தனையோ அறிவிப்புப் பலகைகளால் ஆகாத காரியம்.

இன்னொன்று, பழியை எப்போதும் தெருவில் எறிபவர் தலையிலேயே கட்டுவது. அமெரிக்காவில் 1953-இல் தொடங்கிய ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ அமைப்பின் பின்னால் பான, பேக்கேஜிங் நிறுவனங்கள் இருந்தன. குப்பை போடாதே என்று மக்களைப் பார்த்துச் சொன்னால், பாட்டில் செய்பவரைக் கேள்வி கேட்க ஆளிருக்காது அல்லவா? கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகும் மாணவர்கள் எத்தனை கிலோ என்பதோடு, எந்த நிறுவனத்தின் பாக்கெட் எத்தனை என்றும் எழுதி வைக்கலாம். தயாரிப்பாளரே தன் பேக்கேஜிங் கழிவைத் திரும்பப் பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்க அந்தத் தாள் உதவும். (பேரணிக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம், அதுவும் பிளாஸ்டிக்தான்.)

உங்கள் ஊரில் ஏதாவது செய்வதாக இருந்தால், சுற்றுச்சூழல் தினத்துக்காகக் காத்திருக்காமல் கோயில் திருவிழா அன்னதானத்தில் தொடங்குங்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் தட்டும் கப்பும் குவிவது அங்கேதான். கமிட்டிக்காரர்களிடம் பேசினால் எவர்சில்வர் தட்டு வாங்கித் தர உபயதாரர் கிடைப்பது பெரும்பாலும் சிரமமில்லை. தட்டு கழுவ ஆள், தண்ணீர் லாரி, கழுவிய தண்ணீர் போகும் வழி, அடுத்த ஆண்டு வரை தட்டுகளை வைக்க ஒரு பூட்டிய அறை ஆகியவற்றை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.