தீப்பந்தக் கணக்கு: 1981 பெட்டியை மறுபடி திறப்பது எப்படி

1983 குளிர்காலம், அமெரிக்காவின் மாடிசன் நகரம். வெளியே முழங்கால் அளவு பனி. என் அறைத்தோழன் கட்டிலடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். உள்ளே 64 பக்க விதிப்புத்தகம், மெல்லிய சாகசப் புத்தகம் ஒன்று, ஆறு பகடை, ஒரு கிரேயான். பகடைகளில் எண்கள் வெறும் பள்ளமாக இருந்தன, மை கிடையாது. கிரேயானை அழுத்தித் தேய்த்துவிட்டு, மேலே ஒட்டியதைத் துணியால் துடைத்தால்தான் எண் தெரியும். காசு கொடுத்து வாங்கினவனையே வேலை வாங்குகிறார்களே என்று சிரித்தேன். ஆனால் தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவன் கையில் இருபது முகப் பகடையைக் கொடுத்தால் என்ன ஆவான்? அன்றிரவு தூங்கவில்லை.

அது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பேசிக் பெட்டி, டாம் மோல்ட்வே தொகுத்த 1981 பதிப்பு. ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி நிலவறைக்குள் புதையல் தேடிப் போகும் கற்பனை ஆட்டம். வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனி லேக் ஜெனீவாவில் இருந்தது. அதே விஸ்கான்சின் மாநிலம்தான். காரில் போனால் பக்கம். அதுகூட எனக்கு அப்போது தெரியாது.

இப்போது என் மகனும் மருமகளும் நண்பர்களோடு அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறார்கள். "உங்க பழைய ஆட்டத்தை ஒரு தரம் நடத்துங்கப்பா" என்றான். நடத்தினேன். சப்பென்று இருந்தது. காரணம் நான்தான். எனக்கு நினைவில் இருந்தது அட்டைப்படத்து டிராகனும் அந்த ராத்திரிகளும் மட்டுமே. தீப்பந்தம், எடை, நேரம் போன்ற கணக்குப்பிள்ளை விதிகளையெல்லாம் "அதெல்லாம் எதுக்கு" என்று விட்டுவிட்டேன். அடுத்த தரம் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆட்டமும் திரும்பி வந்தது. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் புத்தகம். பழைய பெட்டிக்கு விலை கொடுத்து மாளாது. பிடிஎஃப் முறையாகவே விற்கிறது, அது போதும். ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் இதே விதிகளைச் சீராக அடுக்கிய புத்தகமும் இருக்கிறது; ஆட்டத்தின் நடுவே ஒரு விதியைத் தேட அதுதான் வசதி.

கதாபாத்திரம் உருவாக்கப் பத்து நிமிடம் போதும். பலம், அறிவு மாதிரி ஆறு குணங்களுக்கும் தனித்தனியாக ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டி, விழுந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். "நான் மந்திரவாதி ஆகணும்" என்று முடிவெடுத்துக்கொண்டு உருட்டுவது இங்கே நடக்காது. எண்களைப் பார்த்த பிறகுதான் என்னவாகலாம் என்ற யோசனை. எல்ஃப், குள்ளர் போன்ற கற்பனை இனங்களும் இங்கே மந்திரவாதி, போர்வீரன் போலத் தனித் தொழில்கள் மாதிரி. முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நான்குமுகப் பகடை ஒன்றில் விழுவதுதான், ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். தூக்க மந்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வாக்குவாதமே வேண்டாம். பூசாரிக்கு முதல் நிலையில் மந்திரமே கிடையாது. உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் சாவுதான், அப்பீல் கிடையாது. அதனால் ஆளுக்கு இரண்டு கதாபாத்திரம் தயாராக இருக்கட்டும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் கவச எண். இதில் எண் குறையக் குறையத்தான் கவசம் பலம்: வெறும் உடம்புக்கு 9, தகடு கவசத்துக்கு 3. அடி பட்டதா என்று பார்க்க அட்டவணையைத் தேட வேண்டாம். இருபதுமுகப் பகடையில் விழுந்ததோடு எதிரியின் கவச எண்ணைக் கூட்டுங்கள். 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி பட்டது. முதல் மூன்று நிலை வரை இது எல்லாருக்கும் பொருந்தும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டம் போட்ட காகிதம் ஒன்றை எடுத்து வரிசைக்கு ஆறு கட்டமாகப் பிரியுங்கள். ஒரு கட்டம் ஒரு டர்ன், அதாவது நிலவறைக்குள் பத்து நிமிடம். தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். லாந்தரில் ஒரு குப்பி எண்ணெய் 24 டர்ன் வரும். ஆறில் ஒரு டர்ன் உட்கார்ந்து ஓய்வெடுத்தே ஆக வேண்டும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையை நீங்கள் உருட்டுங்கள். 1 விழுந்தால் ஏதோ ஒன்று அந்தப் பக்கமாக வருகிறது. கவசமில்லாதவன் ஒரு டர்னில் 120 அடி போவான், இரும்புக் கவசக்காரன் 60 அடிதான். ஒவ்வொரு கட்டத்தையும் எல்லார் கண்ணிலும் படும்படி பென்சிலால் அடியுங்கள், வாய்விட்டும் சொல்லுங்கள். இது முக்கியம். மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டால் பலனே இல்லை.

இரண்டாம் தரம் ஆடும்போது மகன் ஒரு கதவைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் எதுவும் பேசாமல் இரண்டு கட்டம் அடித்தேன். மருமகள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, நம்மகிட்ட எத்தனை பந்தம் மிச்சம்?" என்றாள். ஒன்று. வெளியே போக எட்டு டர்ன் ஆகும். அப்படியே ஒரு நிமிடம் மேஜை அமைதியானது. எனக்கு அந்த மாடிசன் அறையின் ஹீட்டர் சத்தமே கேட்ட மாதிரி இருந்தது.

அப்புறம், எதிரே வருவதெல்லாம் சண்டைக்கு வருவதாக நினைக்காதீர்கள். இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுங்கள்: 2 விழுந்தால் பாய்ந்துவிடும், 12 விழுந்தால் கைகுலுக்கும், நடுவில் விழுந்தால் என்ன செய்வதென்று அதற்கே தெரியாது. சண்டையிலும் முதல் ஆள் செத்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும் துணிவுச் சோதனை உண்டு. கோபோல்ட் என்ற குட்டி அரக்கனின் துணிவு எண் 6; இரண்டு ஆறுமுகப் பகடையில் உருட்டியது அதற்கு மேலே போனால் ஓட்டம். பெட்டியோடு வந்த சாகசத்தில் (ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதியது) கோபோல்ட் குகை வாசலைத் தாண்டியதுமே ஒரு குழி இருக்கிறது. என் கோஷ்டி அதில் விழுந்தது. மருமகள் குழிக்குள்ளிருந்தபடியே கோபோல்டுகளோடு பேரம் பேசி, உலர்ந்த இறைச்சியைக் கொடுத்துத் தப்பித்தாள். எந்த விதியும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. பகடையில் 9 விழுந்தது, அவ்வளவுதான்.

அனுபவப்புள்ளியை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ஒரு கோபோல்டைக் கொன்றால் ஐந்து, அதையும் கோஷ்டி பங்கு போட்டுக்கொள்ளும். போர்வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2000 வேண்டும். வெட்டியே சம்பாதிக்கப் போகிறேன் என்பவன் தனியாளாக 400 கோபோல்டுகளைக் கொல்ல வேண்டும், அதற்குள் அவன் நாலு தரம் செத்திருப்பான். இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுக் காட்டினால் போதும், வாளை உறையில் போட்டுவிட்டுப் பதுங்க ஆரம்பிப்பார்கள்.

வரைபடத்தை ஆட்டக்காரர்களில் ஒருவர் வரையட்டும். நீங்கள் அடிக்கணக்கைச் சொன்னால் போதும், தப்பாக வரைந்தாலும் திருத்தாதீர்கள். என் மகன் வரைந்ததில் ஒரு வழி சுவருக்குள் போய் முட்டுகிறது. அடுத்த சனிக்கிழமை அந்த வழியாகத்தான் திரும்பி வருவார்களாம். மருமகள் மட்டும் சாமான் பட்டியலில் எண்ணெய் இரண்டு குப்பி கூடுதலாக எழுதி வைத்திருக்கிறாள்.