நியூ ஜெர்சியில் வீடு வாங்கியவர்களுக்கு: ஜோனிங் போர்டு என்றால் என்ன?

நியூ ஜெர்சியில் 564 உள்ளாட்சிகள் இருக்கின்றன. டவுன்ஷிப், பரோ, சிட்டி என்று பெயர் எதுவானாலும், உங்கள் மனையில் என்ன கட்டலாம், எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டலாம் என்பதையெல்லாம் அந்தந்த ஊர்தான் முடிவு செய்கிறது. எடிசனில் நண்பர் வீட்டுப் பின்புறம் போட்ட டெக்கை (மரத் தளம்) நீங்கள் பிளெயின்ஸ்பரோவில் போட முடியாமல் போகலாம். இந்த நிலப் பயன்பாட்டு விதிகளுக்குத்தான் ஜோனிங் என்று பெயர். அதனால் நண்பரைக் கேட்காமல் உங்கள் ஊர் ஜோனிங் ஆபீசரைக் கேளுங்கள். வீடு வாங்கியபோது கொடுத்த சர்வே படத்தில் ஷெட்டோ வேலியோ எங்கே வரப்போகிறது என்று பென்சிலால் வரைந்து எடுத்துப் போனால் பேச்சு சுலபமாக இருக்கும். “பெர்மிட்டெல்லாம் வேண்டாம்” என்று சொல்லும் கான்ட்ராக்டரை நம்ப வேண்டாம். பிறகு நோட்டீஸ் வருவது வீட்டுக்காரர் பெயருக்குத்தான்.

விதிக்குள் அடங்காத வேலை என்றால், வேரியன்ஸ், அதாவது விதிவிலக்கு கேட்டு, அதைத் தீர்மானிக்கும் ஜோனிங் போர்டுக்குப் போக வேண்டும். ஏழு உறுப்பினர்களும் அந்த ஊர்க்காரர்கள். பகலில் சொந்த வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்காருபவர்கள். ஊரில் தேர்தலில் ஜெயித்துப் பதவியில் இருப்பவர் இதில் உறுப்பினராக முடியாது. சிறிய ஊர்களில், ஊரின் வளர்ச்சித் திட்டத்தைப் பார்க்கும் பிளானிங் போர்டே இதையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு.

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. “அம்மா அப்பா ஊரிலிருந்து வருகிறார்கள், இடம் போதவில்லை” என்று மனசார எடுத்துச் சொல்வார்கள். கேட்பவர்களுக்கும் இரக்கம் வரும், ஆனால் சட்டம் பார்ப்பது நிலத்தின் சிரமத்தை. மனை ஒடுங்கியிருக்கிறதா, சரிவா, கோணலா? அதைக் காட்டுங்கள்.

எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி சில அடி குறைகிறது என்பது போன்ற விஷயத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பேஸ்மென்ட்டில் தனி அடுப்படியும் தனி வாசலும் வைக்கிறீர்கள் என்றால் கதை வேறு. ஒரு குடும்ப வீட்டை இரண்டு குடும்ப வீடாக மாற்றுகிறீர்கள் என்று ஊர் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு யூஸ் வேரியன்ஸ் (அந்த இடத்தின் பயன்பாட்டையே மாற்றுவதற்கான விதிவிலக்கு) வேண்டும், ஐந்து பேர் ஆதரித்து ஓட்டுப் போட வேண்டும். அன்றைக்கு ஐந்தே பேர் வந்திருந்தால் ஒருவர் மறுத்தாலும் போச்சு. ஆள் குறைவாக இருந்தால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.

சரி, பக்கத்து வீட்டுக்காரர் விண்ணப்பித்தால்? அவர் மனையிலிருந்து 200 அடிக்குள் உங்கள் வீடு இருந்தால், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் உங்களுக்கு அறிவிப்பு வந்தாக வேண்டும். பெரும்பாலும் சர்டிஃபைட் மெயிலில், நம் ஊர்ப் பதிவுத் தபால் போல, வரும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வரைபடங்களும் அந்த 10 நாளும் டவுன்ஷிப் ஆபீசில் இருக்கும், போய்ப் பார்க்கலாம்.

கூட்டத்தில் விண்ணப்பதாரர் தரப்பில் எஞ்சினியரோ ஆர்க்கிடெக்டோ சத்தியப் பிரமாணம் எடுத்துப் பேசுவார். படங்களுக்கு ஏ-1, ஏ-2 என்று எண் போடுவார்கள். அவர் பேசி முடித்ததும் பொதுமக்களைக் கேட்பார்கள், ஆனால் அப்போது கேள்வி மட்டும்தான். கருத்துச் சொல்லும் முறை பிறகு வரும். அப்போது நீங்களும் பிரமாணம் எடுத்து, பெயரும் முகவரியும் சொல்லிவிட்டுப் பேசலாம். குடியுரிமை தேவையில்லை, எச்-1பி விசாவில் இருப்பவரும் பேசலாம். “டிராஃபிக் அதிகமாகும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று போட்டோவோடு காட்டினால் காது கொடுத்துக் கேட்பார்கள். தெருவே கையெழுத்துப் போட்ட மனுவுக்குப் பெரிய மதிப்பில்லை, கையெழுத்துப் போட்டவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே. நேரில் வர வேண்டும்.

இன்னொன்று: உறுப்பினர் ஒருவரைக் கோவிலிலோ கடையிலோ பார்த்தால் இந்த விஷயத்தைப் பேசாதீர்கள். நீதிபதியிடம் தனியாகப் போய் வழக்கைப் பேசுவதற்குச் சமம் அது. அவர் விலகிக்கொள்ள நேரிடும், உங்களுக்கு ஓர் ஓட்டும் குறையும்.

முடிவில் உடன்பாடில்லை என்றால் மாநில சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகலாம். போர்டின் தீர்மானம் அறிவிப்பாக வெளியான நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். அதற்குள் நில விவகாரம் தெரிந்த உள்ளூர் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.