மெஷின் வந்தது, நெல் வாங்கக் காசில்லை: அரச தொழில் கடனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பிரதேச செயலகத்தில் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். அனுபவம் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தன் திட்ட அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினாள். கச்சான் வறுத்துப் பொதி செய்து விற்கப் போகிறாளாம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி நீலப் பேனையால் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. தொழிற்படு மூலதனம், அதாவது பொருள் வாங்கவும் கூலி கொடுக்கவும் வேண்டிய காசு, 4 இலட்சம்.

"ஏன் பிள்ளை இதை வெட்டினனீ?"

"தொகையைக் குறைச்சா கெதியா பாஸ் ஆகுமாம் அக்கா. தெரிஞ்ச ஒராள் சொன்னவர்."

2018இல் நான் வெட்டியதும் இதே வரியைத்தான். எனக்கும் தெரிந்த ஒருவர்தான் சொன்னார். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படிவத்தை நிரப்புவது, போட்டோப் பிரதி இணைப்பது பற்றியெல்லாம் அபிவிருத்தி உத்தியோகத்தர் சொல்லித் தருவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"அரசாங்கக் காசுதானே"

முதலில் இந்த நினைப்பை விடவேண்டும். வன்னியில் 2009க்குப் பிறகு வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, கோழிக்குஞ்சு, தையல் மெஷின் என்று நிறைய வந்தன. அவற்றில் பலதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழக்கத்தில் தொழில் கடனையும் உதவி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

2018இல் வந்த எண்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா மாதிரியான திட்டங்களில் காசு வங்கியுடையது. அரசாங்கம் வட்டியில் ஒரு பங்கைக் கட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் கட்டாவிட்டால் நட்டம் வங்கிக்கு. ஆகவே மேடையில் அமைச்சர் அறிவித்தாலும், உங்களுக்குக் கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி முகாமையாளர். 2020இல் கொரோனாவுக்காக மத்திய வங்கி 4 வீத வட்டியில் சௌபாக்கியா கடனைக் கொண்டுவந்தபோதும் வங்கிக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. திட்டங்களின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறும். இந்த ஏற்பாடு பெரிதாக மாறுவதில்லை. கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: தவணை தவறினால் சலுகை வட்டி நின்றுபோகுமா?

நான் வெட்டிய வரி

எனக்கு மா மில். சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, அரைத்து, வறுத்துப் பொதி செய்வது. வீட்டில் உரலில் இடித்துச் சட்டியில் வறுத்துத்தான் தொடங்கினேன். ஓரளவு விற்பனை வந்ததும் அரைக்கும் மெஷினும் வறுக்கும் உருளையும் வாங்கக் கடனுக்குப் போனேன்.

இந்தக் கடனில் காசு உங்கள் கையில் வராது. விலைக்கூறல் கொடுத்த நிறுவனத்துக்கு வங்கி நேரே கட்டும். அது சரியான நடைமுறை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெஷினுக்குக் கிடைத்த கடனில் ஒரு மூட்டை நெல்கூட வாங்க முடியாது என்று அதற்கு அர்த்தம். நெல்லுக்கும் கூலிக்கும் மின்சாரப் பட்டியலுக்கும் வேண்டிய காசைத் தொழிற்படு மூலதனம் என்று தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டிய அந்த வரியைத்தான் நான் வெட்டிவிட்டேன்.

மெஷின் மார்கழியில் வந்து இறங்கியது. திரீ பேஸ் மின்சாரம் வர நாலு மாதம் எடுத்தது. தவணை கட்டத் தொடங்கமுன் தரும் சலுகைக் காலம் ஆறு மாதம். அது மில் ஓடத் தொடங்கும் நாளிலிருந்து கணக்கென்று நினைத்திருந்தேன். கடன் விடுவித்த நாளிலிருந்து கணக்கு. அதற்குள் காலபோக அறுவடையும் முடிந்துவிட்டது. தை, மாசியில் வயலிலேயே நெல் மலிவாகக் கிடக்கும். அந்த நேரம் வாங்கிக் காயவைத்து அடுக்குகிறவன்தான் வருடம் முழுக்க மில் ஓட்டுவான். என் வீட்டுக்கு முன்னால் உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல் போய்க்கொண்டிருந்தது. நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கையில் காசில்லை. பிறகு கிளிநொச்சிக் கடையில் அரிசியாகவே வாங்கினேன், கூடின விலைக்கு.

இப்போது எல்லாருக்கும் நான் போட்டுக் காட்டும் கணக்கு இது. நாளுக்கு 50 கிலோ மா செய்கிறீர்கள் என்று வையுங்கள். அரிசி இருப்பில் கிடப்பது 12 நாள். ஊறவைத்து வறுத்துப் பொதி செய்ய 3 நாள். கடைக்காரர் காசு தர 30 நாள். மொத்தம் 45 நாள். அதாவது 2,250 கிலோ மாவுக்கான காசு எப்போதும் வெளியே நிற்கும். அரிசி, கூலி, பை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 250 ரூபாய் என்றால் 5 இலட்சத்து 62 ஆயிரத்து 500 ரூபாய். இது இலாபமும் இல்லை, செலவாகித் தொலைந்ததும் இல்லை. தொழில் ஓடுகிற வரைக்கும் திரும்பி வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும் காசு. உங்கள் தொழில் கச்சானோ கருவாடோ சீமெந்துக் கல்லோ, நாட்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். முக்கியமான எண் கடைக்காரர் தரும் நாள்தான். அவர் 30 என்றால் நீங்கள் 45 போடுங்கள்.

இந்தக் காசு இல்லாதவர் என்ன செய்வார்? நான் செய்ததைத்தான் செய்வார். முதலில் சங்கிலி அடகுக்குப் போனது. பிறகு கிழமைக் கடன். குழுவாக உட்கார்ந்து கையெழுத்து வைத்து, செவ்வாய்க்கிழமை தோறும் கட்டும் கடன். கடைக்காரர் மாதம் ஒருக்கால் காசு தருகிறார், நான் கிழமைக்கு ஒருக்கால் கட்டுகிறேன். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தேன். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசாங்கம் பொறுப்பேற்றது உங்களுக்கு நினைவிருக்கும். நான் எடுத்தது அதற்குப் பிறகு. எனக்கு அது பொருந்தவில்லை.

எட்டு மாதம் அந்த வறுக்கும் உருளையைப் படங்கு போட்டு மூடி வைத்திருந்தேன். ஒருநாள் படங்கைத் தூக்கிப் பார்த்தபோது சங்கிலிச் சக்கரத்தில் பூசிய கிறீஸ் மண்ணோடு சேர்ந்து கல்லாய் இறுகிப் போயிருந்தது. விரலால் சுரண்டினேன், வரவில்லை. அதற்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. வெட்டச் சொன்னவர் மேலும் கோபம், கேள்வி கேட்காமல் வெட்டிய என்மேலும் கோபம்.

எனவே தொகை பெரிதாகத் தெரிகிறது என்றால் மெஷினைச் சிறிதாக்குங்கள். பழைய மெஷின், பாதி அளவு மெஷின், ஆறு மாதம் கூலிக்கு அரைப்பது, எதுவும் பரவாயில்லை. தொழிற்படு மூலதனத்தில் கைவைக்க வேண்டாம். உங்கள் அறுவடைக் காலம் எது, மின்சாரம் எப்போது வரும், சலுகைக் காலம் எந்தத் திகதியில் தொடங்கும், இந்த மூன்றையும் ஒரே தாளில் மாத வரிசையில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கடனை விடுவிக்கக் கேட்க வேண்டும். கடன் அனுமதியானதும் அன்றே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடிதத்தில் எத்தனை நாள் அவகாசம் இருக்கிறதென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெர்மிட் காணியை நம்பிப் போவது

இரணைமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றங்களில் பலரிடம் இருப்பது உறுதி இல்லை, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம். "இரண்டு ஏக்கர் இருக்கு, ஈடு வைப்பம்" என்று போய், ஒரு வருடம் அலைந்து திரும்பியவர்களைத் தெரியும். அதை உறுதிக்காணி போல ஈடு வைக்க முடியாது. காணிக் கிளையில் முதலில் கேளுங்கள், வங்கிக்கு அப்புறம் போகலாம். பலருக்கு மூலப் பத்திரமே இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். பிரதி எடுக்கும் வேலையைக் கடன் தேவைப்படும் நாளுக்கு வைத்திருக்க வேண்டாம்.

பிணைக்குப் பிணை

காணி இல்லாதவரிடம் இரண்டு பிணையாளி கேட்பார்கள், பெரும்பாலும் அரச ஊழியர்கள். அவர் உங்களுக்கு வைத்தால் நீங்கள் அவருடைய மச்சானுக்கு வைக்க வேண்டி வரும். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதுதான் எல்லாரும் கிரிப் என்பது, நீங்கள் பிணை நின்ற கடனும் தெரியும். மச்சான் கட்டாவிட்டால் அது உங்கள் விண்ணப்பத்தின்போது மேசைக்கு வரும். உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே விண்ணப்பித்து எடுக்கலாம். விண்ணப்பிக்க முன் எடுத்துப் பாருங்கள்.

தரகர்

கடன் எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கூட்டி எழுதிய விலைக்கூறல்

மெஷின் விலையைக் கூட்டி எழுதச் சொல்லி வாங்கினால், கூட்டிய தொகைக்கும் வட்டி நீங்கள்தான் கட்டவேண்டும்.

கணவர் பெயரில் பதிவு

வேலை முழுக்கப் பெண் செய்வாள், வணிகப் பெயர்ப் பதிவு அவர் பெயரில் இருக்கும். பெண் தொழில்முயற்சியாளருக்கென்று ஒரு திட்டம் வரும்போது அவளிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. பதிவு பிரதேச செயலகத்திலேயே செய்யலாம். இன்றைக்கே போங்கள்.

மெஷின் வந்தபின் அனுமதி தேடுவது

மில் என்றால் சத்தம், தூசி, கழிவுநீர். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவையா என்று பிரதேச சபையில் முன்பே கேளுங்கள்.

கடன் மட்டும்தான் உதவி என்று நினைப்பது

விதாதா வள நிலையத்தில் உற்பத்தித் தொழில்நுட்பம் சொல்லித் தருவார்கள். 1969இலிருந்து இருக்கிற கைத்தொழில் அபிவிருத்திச் சபையிடம் தொழிற்பயிற்சியும் ஆலோசனையும் கேட்கலாம். என் மா மூன்று கிழமையில் பூசணம் பிடித்துக்கொண்டிருந்தது. வறுத்த சூடு முழுதும் ஆறமுன் பையில் கட்டியதுதான் காரணம் என்று ஒரு பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு ஒரு ரூபாய்க் கடனும் தேவைப்படவில்லை.

அந்தக் கச்சான் பிள்ளை போன கிழமை தொலைபேசியில் கதைத்தாள். பெரிய வறுக்கும் மெஷினை எடுத்துவிட்டுச் சிறியதுக்குப் புது விலைக்கூறல் வாங்கியிருக்கிறாளாம். 4 இலட்சம் திரும்ப அறிக்கைக்குள் வந்துவிட்டது. கடைக்காரர் எத்தனை நாளில் காசு தருவார் என்று கேட்டேன். இன்னும் கேட்கவில்லையாம். நாளைக்கு முதல் வேலையாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.