பதற்றத்துக்கு மனப்பயிற்சி: பீடித் தட்டின் முன்னால் செய்யக்கூடாதவை

திருநெல்வேலியின் மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ பீடி சுற்றும் பெண்களைக் கூட்டி, பதற்றம் தணியப் பயிற்சி தருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே செய்யும் தவறு, ‘மனத்தைக் காலியாக்குங்கள்’ என்பது. மனம் காலியாகாது. குழுக் கடன் தவணையும், கடையில் சரியில்லை என்று கழித்துவிட்ட பீடியும், மகளின் கல்லூரிக் கட்டணமும் வந்துகொண்டேதான் இருக்கும். வந்ததை வந்தது என்று அறிந்து, அதன் பின்னால் ஓடாமல் கவனத்தைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனவிழிப்பு. நூறு தடவை போனால் நூறு தடவை திருப்ப வேண்டும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், ‘நமக்கு இது வராது’ என்று இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்கள்.

அடுத்தது மூச்சு. பயிற்சியாளர்களுக்கு அதன் மேல் அப்படியொரு பிரியம். நெஞ்சு படபடக்கிறவரிடம் ‘நன்றாக இழுத்து விடுங்கள்’ என்றால் அவர் வேகவேகமாக இழுப்பார். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும், பதற்றம் இன்னும் ஏறும். மனவிழிப்பில் மூச்சை மாற்ற வேண்டியதே இல்லை, போகிற போக்கில் கவனித்தால் போதும். கவனித்தாலே திணறுகிறவர்களும் உண்டு. அவர்கள் தரையில் பதிந்த பாதத்தையோ தெருச் சத்தத்தையோ கவனிக்கட்டும். கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது, பழைய அடியும் பயமும் மூடிய கண்ணுக்குள் வரும். மடியில் புகையிலைத் தூளோடு உட்கார்ந்திருப்பவரை ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்கிறவரை என்னவென்று சொல்வது!

‘பீடி சுற்றுவதே தியானம்தானே’ என்று மெச்சுவதும் வேண்டாம். கை தூளை வைத்து உருட்டி நூலைச் சுற்றுகிறது. மனம் மாலைக்குள் ஆயிரம் தேறுமா என்ற கணக்கில் இருக்கிறது. பழகிய கைக்குக் கவனம் தேவையில்லை. ஒரு கட்டு பீடியை முடித்து அடுத்த இலையை எடுக்கும் முன், கையைத் தொடைமேல் வைத்து, நூல் உரசிய விரலின் எரிச்சலையும் தோள்பட்டை இறுக்கத்தையும் அரை நிமிடம் அப்படியே கவனிக்கலாம். கூலி குறையாது.

அமெரிக்கரான ஜான் கபாட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய மனவிழிப்புப் பயிற்சி 8 வாரம். வீட்டிலும் தினம் முக்கால் மணி நேரம் செய்ய வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அதற்கு எங்கே போவது? சுருக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் சுருக்கியதற்கு முழுப் பயிற்சியின் பெயரைச் சூட்டக்கூடாது. பதற்ற நோயாளிகள் 276 பேரிடம் நடந்து 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அந்த 8 வாரப் பயிற்சி பதற்றத்துக்குத் தரும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. அதைக் காட்டி அரை நாள் முகாமுக்கு விளம்பரம் செய்வதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் மோசடி.

படபடப்பு எல்லாமே மனப் பதற்றமும் அல்ல. தைராய்டு, ரத்தசோகையாலும் வரும். முதலில் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யட்டும். தூக்கமே இல்லை, சாகத் தோன்றுகிறது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், ‘அந்த எண்ணத்தைக் கவனியுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள், கணவன் பார்க்கக்கூடிய அவர் போனில் அல்ல, தாளில் எழுதி.