‘வியர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடும் முறை

ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பை அறிய விரும்புவோர், அதன் இன்றைய பொருளை வைத்து வேரை ஊகிக்கும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். விசித்திரமானது, வழக்கத்துக்கு மாறானது என்று இன்று பொருள்படும் ‘வியர்ட்’ (weird) என்ற சொல் இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக் களமாகும். ஏனெனில் அதன் தொடக்கப் பொருளில் விசித்திரத்துக்கு இடமே இல்லை.

அகராதியில் பொருள் விளக்கத்தோடு நின்றுவிடாமல் சொற்பிறப்புக் குறிப்பையும் படியுங்கள். இன்று பெயரடையாக வழங்கும் இச்சொல், பழைய ஆங்கிலத்தில் ஊழைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக இருந்ததை அங்கே காணலாம். அடுத்து அதன் உறவுச் சொற்களைத் தேடுங்கள். ‘ஆதல்’ என்று பொருள்படும் ஜெர்மன் வினையான ‘வெர்டன்’, ‘திருப்புதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையான ‘வெர்ட்டெரே’ ஆகிய இரண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக வேண்டியது ஆகியே தீரும் என்ற எண்ணம்தான் இச்சொல்லின் அடியில் இருக்கிறது என்பது இந்த ஒப்பீட்டால் தெளிவாகும்.

பொருள் எங்கே திரும்பியது என்பதைக் கண்டுபிடிப்பதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். தேடலின் உண்மையான சுவை அங்கேதான் உள்ளது. இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்த இச்சொல் ஸ்காட்லாந்தில் உயிரோடு இருந்தது. ஸ்காட்லாந்து மன்னன் ஒருவனைப் பற்றிய ‘மேக்பெத்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியர், வருங்காலத்தை உரைக்கும் மூன்று சூனியக்காரிகளை ‘வியர்ட் சகோதரிகள்’ என்று அழைத்தார். ஊழை அறிவிப்பவர்கள் என்பதே அத்தொடரின் பொருள். ஆனால் அவர்களுடைய அச்சமூட்டும், இயல்புக்கு ஒவ்வாத தோற்றம் பிற்காலத்தவர் மனத்தில் பதிந்துவிட்டதால், அந்த அடைமொழி தோற்றத்தைக் குறிப்பதாகவே கொள்ளப்பட்டது. 1623-இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் இச்சொல்லின் எழுத்துக்கூட்டல் இன்றைய வடிவில் இல்லை என்பதையும் பாருங்கள். பழைய நூல்களில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பியிருக்கக் கூடாது.

இறுதியாக, ஆண்டு குறிக்கப்பட்ட மேற்கோள்களை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றிலும் ‘ஊழ்’ என்ற பொருளைப் பொருத்திப் பாருங்கள். அப்பொருள் பொருந்தாமல், மனித அறிவுக்கு எட்டாத அமானுஷ்யத் தன்மை முன்னே வரும் மேற்கோள்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெருகுகின்றன. வெறும் விசித்திரம் என்ற பொருள் அதிலிருந்தே கிளைத்தது. அக்காலக் கவிதைகளைப் படிக்கும்போது, இன்றைய பேச்சு வழக்கின் இலேசான பொருளை அவற்றின் மேல் ஏற்றாமல், ‘அமானுஷ்யமான’ என்றே முதலில் பொருள் கொண்டு பாருங்கள்.