மூணாறுக் குளிரில் ஹீட் பம்ப் டிரையர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மூணாறிலும் தேவிகுளத்திலும் கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் ஈரம் விடாது. ஆகவே டிரையர் வாங்க நினைப்பது இயல்பே. ஆனால் வீட்டுக்குள் இடமில்லை என்று அதைப் பின்புறத் தகரக் கொட்டகையில் வைத்துவிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

ஹீட் பம்ப் டிரையர் ஈரக்காற்றை வெளியே தள்ளுவதில்லை. உள்ளே சுழலும் காற்றைச் சூடாக்கித் துணிக்குள் செலுத்தி, பிறகு அதைக் குளிர்வித்து நீரைப் பிரித்தெடுத்து, அப்போது கிடைக்கும் வெப்பத்தையே கம்ப்ரசரின் துணையால் மீண்டும் பயன்படுத்துகிறது. மின்சாரம் மிச்சமாவது இதனால்தான். ஹீட்டர் சுருள் உள்ள டிரையரைப்போல் குளிரில் சட்டென்று சூடேறாததும் இதனால்தான். பல கையேடுகள் 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள அறையில் வைக்கச் சொல்கின்றன. ஜனவரி விடியலில் மூணாறை அடுத்த செண்டுவாரைப் பக்கம் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது, கம்ப்ரசர் சுழற்றும், வெப்பத்தைச் சுமந்து செல்லும் குளிர்பதன வாயுவின் அழுத்தம் குறைந்து, துணி காய வழக்கத்தைவிட வெகுநேரமாகும். சில வேளைகளில் இயந்திரம் பாதியிலேயே நின்றுவிடும்.

இதற்கு அஞ்சி, இண்டு இடுக்கில்லாமல் அடைத்த அலமாரிக்குள் வைப்பதும் சரியன்று. இயங்கும்போது வெளிப்படும் சிறிதளவு வெப்பம் அங்கே தேங்கிவிட்டால், நீர் பிரிவது மந்தமாகும். சமையலறையை ஒட்டிய சிறிய அறை, கதவு சற்றே திறந்த நிலையில், போதுமானது.

போடிமெட்டு வழியாக ஜீப்பில் படுக்கவைத்து ஏற்றிவந்த டிரையரை இறக்கிய கையோடு இயக்கக் கூடாது. கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். கையேடு சொல்லும் நேரம்வரை, பொதுவாகச் சில மணி நேரம், நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும்.

துணி கைக்குக் கொதிக்கச் சூடாக இல்லையே என்று பழுதென நினைப்பவர்களும் உண்டு. மிதமான சூட்டில் உலர்த்துவதே இதன் இயல்பு. நேரத்தைக் குறைக்க விரும்புவோர், வாஷிங் மெஷினில் துணிக்கு ஏற்ற அளவு வேகமாகப் பிழிந்தெடுக்கட்டும். கம்பளிப் போர்வையையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாகத் திணிக்காதிருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைத் துடைக்கட்டும். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போய்வரும். வந்தவுடன் பொத்தானை அழுத்தாமல் ஐந்து நிமிடமாவது பொறுப்பது கம்ப்ரசருக்கு நல்லது.

வேறு வழியின்றிக் கொட்டகையிலேயே வைத்திருப்பவர்கள், உறைபனி இரவுகளுக்கு முன் நீர்த்தொட்டியைக் காலிசெய்து, வடிகுழாயில் தேங்கிய நீரையும் வெளியேற்றிவிட வேண்டும். நீர் உறைந்தால் விரிந்து குழாயையும் பம்பையும் பிளந்துவிடும். அது தெரியவருவது பெரும்பாலும் பனி இளகித் தரையெல்லாம் நனையும்போதுதான்.