ஒரே ஒரு கோடு போதும்: நிஃப்டிக்குப் பத்து மாதச் சராசரி போடுவது எப்படி?

மும்பை செம்பூரில் லோக்கல் ரயில் ஏறி, பக்கத்தில் நிற்கும் பையனின் மொபைலை எட்டிப் பார்த்தால், ஒரே படத்தில் ஆறு கலர் கோடுகள். ஆர்எஸ்ஐ, மேக்டி, பாலிஞ்சர் என்று எப்போது வாங்க, எப்போது விற்க என ஊகிக்க உதவும் குறிகாட்டிகள் எல்லாம் இருக்கிறது. மூன்றுமே ஒரே விலையிலிருந்து கணக்கிடப்படுபவை. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் வார்த்த கதைதான். புதிதாக வருகிறவர்கள் ஒன்றை ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள்.

படி 1: என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தளத்தில், 50 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 50-இன் பழைய விலைகள் இலவசமாகக் கிடைக்கும். 2018 அக்டோபர் முதல் 2020 ஜூலை வரை, ஒவ்வொரு மாதக் கடைசி வர்த்தக நாளின் முடிவு விலையை மட்டும் எக்செல்லில் இறக்குங்கள்.

படி 2: பக்கத்து நெடுவரிசையில், அந்த மாதத்தையும் சேர்த்துக் கடைசிப் பத்து மாதங்களின் சராசரி. டிவியில் சொல்கிற 200 நாள் சராசரிக்கு இது அண்ணன் தம்பி முறை.

படி 3: விலை சராசரிக்கு மேலே முடிந்தால் நிஃப்டி ஃபண்டை வைத்திருக்கவும். கீழே முடிந்தால் விற்று லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) போடவும். மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க வேண்டும்.

படி 4: இதுதான் முக்கியம், சோதனை. 2020 பிப்ரவரி முடிவு சுமார் 11,202; சராசரி 11,659. வெளியே வந்துவிட்டோம். மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-க்குப் போனபோது நாம் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். சரி, திரும்ப எப்போது உள்ளே? ஜூலை கடைசியில், 11,073-இல்! விற்றதற்கும் வாங்கியதற்கும் வித்தியாசம் 129 புள்ளிதான்.

அதற்கு முந்தைய வருடத்தையும் பாருங்கள். 2019 ஜூலையில் 11,118-இல் விற்கச் சொல்கிறது. செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரியைக் குறைத்தார்கள், சந்தை ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் எகிறியது. மாதக் கடைசியில் 11,474-க்குத் திரும்ப வாங்கச் சொல்கிறது. 356 புள்ளி போச்சு. சந்தை பக்கவாட்டில் ஆடும்போதெல்லாம் இந்தக் கோடு இப்படித்தான் ஏமாறும்.

படி 5: துணைக்கு இந்தியா விக்ஸ். அடுத்த 30 நாளில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று நிஃப்டி ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னால் வாங்க, விற்க உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகள் சொல்வதை ஆண்டு விகிதமாகக் காட்டும். 15 என்றால், மாதக் கணக்குக்கு 3.46-ஆல் (12-இன் வர்க்கமூலம்) வகுங்கள்: மாதத்துக்கு ஏறக்குறைய 4.3 சதவீதம், மேலேயோ கீழேயோ. திசை சொல்லாது. 2020 மார்ச்சில் 80-ஐத் தாண்டியது, ஆனால் அதற்குள் சந்தை பெரும்பாலும் விழுந்து முடிந்திருந்தது. அதனால் விக்ஸைப் பார்த்து நான் விற்பதில்லை.

அப்புறம், இன்னொரு நெடுவரிசை: வரி. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், 2024 ஜூலை 23 முதல். தரகும் சேரும். முதல் தடவை நான் இதைப் போட மறந்து, எக்செல்லில் இரண்டு வாரம் பணக்காரனாக இருந்தேன்.